ஓடும் கட்சி, உட்காரும் கட்சி

வருமான வரிச் சட்டத்தில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. பி.காம். படிக்கும்போது 'பிரிவு 10(5)' என்று மனப்பாடம் செய்த சமாசாரம். கம்பெனி உங்களுக்கு லீவு டிராவல் அலவன்ஸ் கொடுக்கிறது. நான்கு வருஷத்துக்கு இரண்டு தடவை, குடும்பத்தோடு இந்தியாவுக்குள் எங்கே வேண்டுமானாலும் போய் வரலாம். அந்தப் பணத்துக்கு வரி கிடையாது. (பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். புது முறைக்கு மாறியவர்களுக்கு அந்த ஆறுதலும் இல்லை.) ஆனால், வரிவிலக்கு போக்குவரத்துச் செலவுக்கு மட்டும்தான். ரயில் டிக்கெட் காட்டலாம், விமான டிக்கெட் காட்டலாம். ரூம் வாடகை பில்லைக் காட்டினால் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனில் சிரிப்பார்கள். ஆக, சர்க்கார் அகராதியில் விடுமுறை என்றால் நகர்வது. போய்ச் சேர்ந்த பிறகு உட்கார்ந்தீர்களா, படுத்தீர்களா என்பது உங்கள் சொந்தச் செலவு.

வீடுகளிலும் இதே சட்டம்தான் அமலில் இருக்கிறது. கோடை லீவு வந்தால் குடும்பம் இரண்டு கட்சியாகப் பிரியும். 'இவ்வளவு தூரம் வந்துட்டு அதைப் பார்க்காம போறதா?' என்பது ஓடும் கட்சி. 'நாலு நாள் கடலைப் பார்த்துக்கிட்டு சும்மா இருக்கணும்' என்பது உட்காரும் கட்சி. முதல் கட்சிக்கு எப்போதும் மெஜாரிட்டி. இரண்டாவது கட்சிக்காரனுக்கு சோம்பேறி என்று பெயர். நான் இரண்டாவது கட்சி. என் மனைவி முதல் கட்சியில் மாவட்டச் செயலாளர் ரேஞ்ச்.

இந்தச் சண்டையை எந்த ஊரில் வைத்துப் பேசலாம் என்றால், தூத்துக்குடிக் கரையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. வேம்பாறு தொடங்கி மணப்பாடு தாண்டி உவரி வரைக்கும் உட்கார மணல் இருக்கிறது. பார்ப்பதற்கு இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் சரித்திரம் இருக்கிறது. இரண்டு கட்சிக்காரர்களும் இங்கே வந்து என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டால் போதும்.

முதலில் ஓடும் கட்சி. அவர்களுடைய ஒருநாள் ப்ரோக்ராம் அநேகமாக இப்படி இருக்கும். அதிகாலையில் வேன். நவதிருப்பதி ஒன்பது கோயில். போகிற வழியில் ஆதிச்சநல்லூர். திருச்செந்தூரில் சுவாமி தரிசனம், நாழிக்கிணறு. குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மன். மணப்பாட்டில் குன்றின் மேலுள்ள திருச்சிலுவை ஆலயம். உவரி. முடிந்தால் தேரிக்காட்டுச் சிவப்பு மணலில் ஒரு போட்டோ. ராத்திரி தூத்துக்குடிக்குத் திரும்பி 'நைட் கிளப்'பில் பரோட்டா. (வெளியூர்க்காரர்கள் பதற வேண்டாம். தூத்துக்குடியில் நைட் கிளப் என்றால் பரோட்டாக் கடைதான்.)

கணக்குப் போடலாம். காலை ஆறிலிருந்து இரவு எட்டு வரை 14 மணி நேரம், அதாவது 840 நிமிஷம். வேன் ஓடுவது மட்டும் ஐந்து மணி நேரம் என்று வையுங்கள். டிபன், சாப்பாடு, டீ, பாத்ரூம், 'சின்னவனைக் காணோம்' எல்லாம் சேர்த்து இரண்டரை மணி நேரம். மிச்சம் 390 நிமிஷம். பதினைந்து இடம். இடத்துக்கு 26 நிமிஷம். அதில் செருப்பைக் கழற்றி மாட்ட ஆறு நிமிஷம் கழித்துக்கொள்ளுங்கள். திருச்செந்தூர் க்யூவை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. 2025 ஜூலையில் கும்பாபிஷேகம் ஆன கோயில், கூட்டத்தைக் கேட்கவா வேண்டும்! நடுவில் மத்தியானம் கோயில் நடை சாத்தும் நேரம் வேறு. கடைசி இரண்டு திருப்பதிகளைப் பூட்டிய கதவோடு சேவித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் ஏராளம்.

ஆதிச்சநல்லூர் என்ன பாவம் செய்தது? நூற்றுப் பதினான்கு ஏக்கர் பறம்பு. 1876-ல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டினார். பிறகு அலெக்ஸாண்டர் ரீ வந்து தாழி தாழியாக எடுத்தார். 2023-ல் அகழாய்வுக் குழிகளையே கண்ணாடி போட்டு மூடி, நாம் மேலே நின்று குனிந்து பார்க்கிற மாதிரி மியூசியம் திறந்திருக்கிறார்கள். மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் புதைத்த மனுஷன் காலடியில் கிடக்கிறான். டிரைவர் ஹார்ன் அடிக்கிறார். 'பார்த்தாச்சா? ஏறு, ஏறு.' அவ்வளவுதான், அந்த இடம் 'கவர்' ஆகிவிட்டது. ஓடும் கட்சியின் பிரதான வினைச்சொல் இந்த 'கவர் பண்றது'. லெட்ஜரில் என்ட்ரி போட்டு டிக் அடிக்கிற ஆடிட்டர் புத்தி. ஆடிட்டராவது வவுச்சரைப் படித்துவிட்டு டிக் அடிப்பார்.

புது இடம் பார்த்தால் அறிவு விசாலமாகும் என்பது இவர்களுடைய வாதம். இந்தக் கரையின் சரித்திரம் அதை அவ்வளவாக ஆதரிக்கவில்லை. 1542-ல் சவேரியார் இங்கே வந்தார். மணப்பாட்டில் அவர் தங்கியதாகச் சொல்லும் குகை இன்னமும் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்குச் சற்றுக் கூடுதலாக இந்தக் கரையில் இருந்தார், அதற்கு நடுவிலும் ஒரு தடவை கோவா போய் வந்தார். பிறகு மலாக்கா, மொலுக்காஸ் தீவுகள், ஜப்பான் என்று போய், 1552-ல் சீனக் கரைக்கு எதிரே ஒரு தீவில் காலமானார். அசுர ஓட்டம். அவர் வேலை அது. ஆனால் தமிழ்? ஜெபங்களை உள்ளூர்க்காரர்கள் உதவியோடு மொழிபெயர்த்து மனப்பாடம் பண்ணிச் சொல்கிற அளவுக்குத்தான் அவருக்கு நேரமிருந்தது.

அவர் போன கொஞ்ச காலத்தில் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் வந்தார். நம்மவர்கள் வாயில் அண்டிரிக் அடிகளார். அதே சபை, அதே போர்ச்சுகல் கப்பல். ஆனால் இவர் எங்கேயும் நகரவில்லை. ஐம்பது வருஷத்துக்கு மேல் இதே கரைதான், 1600-ல் புன்னைக்காயலில் உயிர் போகும் வரைக்கும். அந்த ஐம்பது வருஷத்தில் தமிழ் படித்து, தமிழுக்குப் போர்ச்சுகீசிய மொழியில் இலக்கணம் எழுதினார். 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் கைவேலை. பதினாறே பக்கம். இந்திய எழுத்தில் இந்திய மண்ணில் அச்சேறிய முதல் புத்தகம். சவேரியார் பெயரில் உலகம் முழுக்கக் காலேஜ் இருக்கிறது. அடிகளார் பெயரைக் கேட்டால் நம் பிள்ளைகள் முழிப்பார்கள். ஆனாலும் நமக்கு எழுத்தை ஈயத்தில் வார்த்துக் கொடுத்தவர் உட்கார்ந்த ஆசாமி.

உடனே உட்காரும் கட்சிக்காரர்கள் கைதட்ட வேண்டாம். ஐம்பது வருஷம் உட்கார்ந்தவர் ஈஸி சேரில் உட்காரவில்லை. உட்கார்ந்தால் மட்டும் எல்லாம் தெரிந்துவிடாது என்பதற்கும் இதே கரையில் சாட்சி இருக்கிறது, கொற்கை. பாண்டியனின் துறைமுகம், முத்துக்குப் பேர்போன ஊர். இன்றைக்குப் போனால் வயல், வாழை, குளம், ஒரு பழைய வன்னி மரம். கடலைக் காணோம்! தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலை ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளிவிட்டது. கரையில் உட்கார்ந்து அலையை எண்ணுகிறவனுக்கு இது ஜென்மத்துக்கும் தெரியாது. நடந்து போய்த் தோண்டியவருக்குத்தான் தெரிந்தது. கால்டுவெல்லுக்கு.

கால்டுவெல் எந்தக் கட்சி என்று சொல்வது கஷ்டம். சென்னையிலிருந்து நடந்தே தெற்கே வந்தவர். வந்து 1841-ல் இடையன்குடியில் உட்கார்ந்தவர் ஏறக்குறைய ஐம்பது வருஷம் எழுந்திருக்கவில்லை. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் அந்தத் தேரி மணலில் இருந்துகொண்டு எழுதியது. கொற்கையைத் தோண்டியதும், மார்க்கோ போலோ சொன்ன காயல் எது என்று பழைய காயல் பக்கம் தேடியதும் அதே மனிதர்தான். பின்னால் 1960-களின் கடைசியில் தமிழகத் தொல்லியல் துறை கொற்கையில் தோண்டியபோது கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 785 வாக்கில் என்று வந்தது. தூத்துக்குடியிலிருந்து கொற்கை ஒரு மணி நேரத்துக்குள் போகிற தூரம்தான். தூத்துக்குடியிலேயே பிறந்து வளர்ந்த எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்று அந்த ஊர் நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள். பேச்சை மக்ரூனுக்கு மாற்றுவார்கள்.

எங்கள் வீட்டில் நடந்த வாக்குவாதம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மணப்பாட்டுக் கரையில் நான் பேப்பர் விரித்து உட்கார்ந்திருந்தேன்.

"ஏங்க, இதை வீட்லயே பண்ணலாமே?"

"வீட்ல கடல் இல்லையே."

"கடலையா பார்க்கறீங்க? ஷேர் பக்கத்தைல்ல பார்த்துட்டு இருக்கீங்க!"

பதில் சொல்ல முடியவில்லை, மார்க்கெட் வேறு அன்றைக்கு இறங்கியிருந்தது. ஆனால் அவள் அடுத்து சொன்னதுதான் விஷயம். "நானும் உட்காரத்தான் ஆசைப்படறேன். உட்கார்ந்தா, மத்தியானச் சாப்பாடு எங்கே, உங்கம்மாவுக்கு மாத்திரை எங்கே, ஈரத் துணி எங்கே காயப் போடறதுன்னு எல்லாம் எங்கிட்டயே வருது. வேன்ல ஏறிட்டா அந்த ஒரு மணி நேரம் யாரும் எதுவும் கேட்கறதில்லை. எனக்கு அதுதான் லீவு."

நம் வீட்டுப் பெண்கள் ஏன் பெருவாரியாக ஓடும் கட்சியில் இருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் எந்த டூரிஸம் கட்டுரையிலும் படித்ததில்லை. கடற்கரையில் ஹாயாகச் சாய்ந்திருக்கும் ஒவ்வொரு அப்பாவுக்கும் பின்னால் புளியோதரை டப்பாவைத் திறந்துகொண்டு ஒரு அம்மா இருக்கிறார். அந்த உட்காரலின் செலவு அவர் கணக்கில் எழுதப்படுகிறது. சம்பளமில்லாத ஓவர்டைம். ரிசார்ட் விளம்பரங்களில் அந்த டப்பா வராது.

போகட்டும். 'பீச்சில் சும்மா கிடப்பது வெள்ளைக்காரன் பழக்கம், நம் பண்பாடு இல்லை' என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெயிலில் கிடப்பது வெள்ளைக்காரன் பழக்கம்தான், அதுவும் ரொம்பப் புதுசு. 1750-களில் பிரைட்டன் பக்கம் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற டாக்டர், கடலில் குளிக்கச் சொன்னதோடு கடல் தண்ணீரைக் குடிக்கவும் சொன்னார். அதாவது அது மருந்து. தோலைக் கறுக்க வைத்துக்கொள்கிற ஃபேஷன் 1920-களில்தான் வந்தது. ஆனால் வெயில் தாழ்ந்த பிறகு மணலில் உட்கார்வது? அதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காயல்பட்டினத்துக் கடற்கரைக்குச் சாயந்திரம் போய்ப் பாருங்கள், குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். திருச்செந்தூரில் சமீப வருஷங்களில் பௌர்ணமி ராத்திரிகளில் கடற்கரையில் தங்க ஆயிரக்கணக்கில் ஜனம் வருகிறது. விரிப்பு, தலைக்குப் பை, நிலா. ஆன்மிகம் என்று சொல்லிக்கொண்டால் சும்மா படுத்திருப்பதற்கு வீட்டில் அனுமதி கிடைக்கிறது, பாவம்.

பொங்கலுக்கு மறுநாளுக்கு மறுநாளைக்கு நாம் வைத்த பெயரே காணும் பொங்கல். தூத்துக்குடியில் அன்றைக்கு முயல் தீவில் கூட்டம் அலைமோதும். துறைமுகத்தை ஒட்டிய இடம், பெயருக்குத்தான் தீவு. 'காண' என்று கிளம்பிப் போன ஜனங்கள் அங்கே போய் என்ன செய்கிறார்கள்? தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்கிறார்கள். இரண்டு கட்சியும் கூட்டணி வைக்கிற ஒரே நாள் அதுதான்.

உட்காரும் கட்சியின் மேல் எனக்கிருக்கிற நிஜமான புகார் வேறு. (என் கட்சிதான், உட்கட்சி ஜனநாயகம் உண்டு.) கடற்கரையை நாம் காலி இடம் என்று நினைக்கிறோம். அது ஒருவருடைய ஆபீஸ். வலை காய்கிற இடத்தில் பாயை விரித்துவிட்டு, 'ஒரே கவிச்சி' என்று மூக்கைப் பிடிக்கிறோம். உங்கள் ஆபீஸ் மேஜையில் யாராவது ஏறிப் படுத்துக்கொண்டு ஃபைல் நாற்றமடிக்கிறது என்றால் எப்படி இருக்கும்?

இன்னொரு பொருத்தத்தைக் கவனியுங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், மீன் இனம் பெருகுவதற்காக. நம் பிள்ளைகளின் கோடை லீவும் அதே சமயம்தான். நாம் சம்பளத்தோடு லீவு போட்டுக் கரைக்கு வந்து உட்காரும்போது, அங்கே விசைப்படகுத் தொழிலாளி வருமானமில்லாமல் அதே கரையில் உட்கார்ந்திருக்கிறான். அரசு நிவாரணம் தருகிறது, அது சம்பளம் ஆகாது. ரெண்டு பேரும் ஒரே கடலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நம்மாள் அவனிடம் போய், 'என்னப்பா, பெரிய மீனே கிடைக்க மாட்டேங்குது?' என்று கேட்கிறார்.

உப்பளத்திலும் அப்படித்தான். நாங்கள் காலேஜில் படித்த 1948-ஆம் வருஷத்து ஃபேக்டரிஸ் ஆக்ட்டில், வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்தவருக்கு இருபது நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு லீவு என்று இருந்தது. பரீட்சையில் அதற்கு ஐந்து மார்க். உப்பு வாருகிறவர்களுக்கு லீவைத் தீர்மானிப்பது வடகிழக்குப் பருவமழை. மழை வந்தால் பாத்தி கரையும், வேலை நிற்கும், கூலியும் நிற்கும். அந்த மாதங்களுக்காக 2022-ல்தான் தமிழக அரசு ஐயாயிரம் ரூபாய் நிவாரணம் கொடுக்க ஆரம்பித்தது. சாலையோர உப்புக் குவியல் முன்னால் நின்று செல்ஃபி எடுப்பவர்கள் தயவுசெய்து தார்ப்பாயை மிதிக்காமல் எடுங்கள்.

இந்தக் கரைக்காரர்களுக்கு ஓய்வே தெரியாது என்றும் எழுதிவிடக் கூடாது. கிறிஸ்தவக் கடலோர ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. எவ்வளவு மீன்பாடு இருந்தாலும் போவதில்லை. ஆகஸ்ட் 5-ம் தேதி பனிமய மாதா திருவிழா என்றால் தூத்துக்குடி மொத்தமும் தெருவில் இருக்கும். கேளிக்கைக்கும் ஓய்வுக்கும் நேரம் ஒதுக்குவதை, ஞாயிற்றுக்கிழமையும் லேப்டாப் திறக்கிற நாம்தான் அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும்.

அடுத்து முத்து. 'முத்துநகர்' என்று ஊருக்குப் பெயர், ரயிலுக்குப் பெயர், பீச்சுக்குப் பெயர். வந்து இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது, 'முத்து எங்கே மலிவா கிடைக்கும்?' இந்தக் கடலில் கடைசியாக முத்துக் குளிப்பு நடந்தது 1961-ல். 1955 தொடங்கி வருஷா வருஷம் நடந்து, அதோடு நின்றது. அதற்கப்புறம் சர்க்கார் ஏலம் போடுகிற அளவுக்குப் பார்களில் சிப்பி சேரவில்லை. கடலடியில் சிப்பி வளரும் பாறைத் திட்டுக்குப் பார் என்று பெயர். தோளாயிரம் பார் என்று ஒன்றைப் பழைய ரிப்போர்ட்டுகளில் அடிக்கடி பார்க்கலாம். 1973-ல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானி அழகர்சாமி, சிப்பிக்குள் மணி வைத்து இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்தை எடுத்துக் காட்டினார். அதுவும் கடைக்கு வருகிற வியாபாரமாகவில்லை. ஆகவே ஊர் நினைவாக நீங்கள் வாங்கிப் போகிற மாலை எந்தத் தேசத்துக் குளத்தில் விளைந்தது என்று கடைக்காரரைக் கேட்டு அவரை சங்கடப்படுத்தாதீர்கள். மக்ரூன் வாங்குங்கள், அது அசல் தூத்துக்குடி.

தீவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டு கட்சிக்கும் இப்போது கண் அங்கேதான். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகள். 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் இறங்கக் கூடாது. 'மாலத்தீவுக்குப் போய் லட்சம் லட்சமாகக் கொட்டுகிறோமே, இங்கே நாலு ரிசார்ட் கட்டினால் என்ன?' என்று என்னோடு படித்த நண்பர் ஒருவர் கேட்டார். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் போட்டுக் கொடுப்பது அவர் தொழில்.

என்னவென்றால், சொத்து தேய்ந்துகொண்டிருக்கிறது சார். 21 என்பது புத்தகக் கணக்கு. தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குசல்லியும் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் ஏற்கெனவே தண்ணீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறைகளை வருஷக் கணக்காக வெட்டி எடுத்தோம். அலையைத் தடுத்துக்கொண்டிருந்த சுவர் போனது, பின்னாலேயே மண்ணும் போனது. கரியாசல்லித் தீவு 1969-க்குப் பிறகு எழுபது சதவீதத்துக்கும் மேல் கரைந்துவிட்டது. வான் தீவு இரண்டு துண்டாகும் நிலைக்கு வந்து, கடலுக்குள் கான்கிரீட் செயற்கைத் திட்டுகளை இறக்கி நிறுத்திப் பிடித்திருக்கிறார்கள். கரியாசல்லிக்கும் அதே வைத்தியம் ஆரம்பமாகியிருக்கிறது. தேய்மானத்தைக் கழித்தால் ஸ்க்ராப் மதிப்புகூட மிஞ்சாத அசெட்டின் மேல் எந்த பேங்க் கடன் கொடுக்கும் என்று நண்பரைக் கேட்டேன். 'அதான் சீக்கிரம் கட்டணும்கறேன்' என்றார். அவரைப் போன்றவர்களால்தான் நாடு முன்னேறுகிறது.

புது இடம் பார்க்கிற ஆசையும் சரி, கடலோரம் கிடக்கிற ஆசையும் சரி, இந்த ஒரு இடத்தில் தோற்கட்டும். போய்ப் பார்க்காமல் விட வேண்டிய இடம் என்று இருபது முப்பது சதுர கிலோமீட்டராவது ஒரு மாநிலத்துக்கு இருக்கலாம்.

தமிழில் ஒரு விசித்திரம் கவனித்திருக்கிறீர்களா? மூச்சை அடக்கிக் கடலடிக்குப் போய் முத்து எடுக்கிற, சுறாவுக்கும் காது வெடிப்புக்கும் தப்பிக்க வேண்டிய வேலைக்கும் 'குளித்தல்' என்றுதான் சொல்கிறோம். லீவுக்கு வந்தவன் முழங்கால் தண்ணீரில் சோப்புப் பெட்டியோடு நிற்பதும் குளித்தல்தான். முத்து போய்விட்டாலும் சங்கு இருக்கிறது. தூத்துக்குடியில் இன்னமும் சங்குகுளிக்கிற மனிதர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவர், ஐம்பது வயசிருக்கும், தெரேசபுரம் பக்கம் டீக்கடை பெஞ்சில் பேச்சுக் கொடுத்தார். காது ஒரு பக்கம் மந்தம், இன்னொரு பக்கம் உட்கார்ந்து பேசச் சொன்னார். சங்கு விலை, மருமகன் வேலை எல்லாம் பேசி முடிந்த பிறகு, "அண்ணாச்சி, நீங்க லீவுக்கு எங்கே போவீங்க?" என்று கேட்டேன்.

"எங்க போவோம்? குத்தாலத்துக்குத்தான். சீசனுக்கு ஒரு தடவ பிள்ளைகள எல்லாம் கூட்டிட்டுப் போயிருவேன்" என்றார். "வருசம் பூரா உப்புத் தண்ணியிலயே கெடக்கோம். ஒரு நாளாவது நல்ல தண்ணில குளிக்கணும்லா?"